மனநல வார்டுக்குள் வெளியாளின் கண்: உரிமைக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருப்பமில்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், அவரைச் சேர்த்துவிட்டுத் தூக்கம் இழந்திருக்கும் குடும்பத்தார், அந்த வார்டில் வேலை பார்ப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே எங்கும் பொருந்துகிற விஷயங்களை முன்னால் வைத்து, பல நாடுகளின் சட்டங்களையும் அனுபவங்களையும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

மருத்துவமனை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சட்டமும் இருக்கிறது. வெளியாள் எதற்கு?

திருடியவரைச் சிறையில் வைக்கக்கூட நீதிபதியின் உத்தரவு வேண்டும். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரை, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்து ஊசி போட மனநலச் சட்டங்கள் அனுமதிக்கின்றன. உயிருக்கு ஆபத்து வந்துவிட்ட நேரத்தில் அந்த அதிகாரம் சிலரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவரே அது சரியாகப் பயன்படுகிறதா என்று தீர்ப்பும் சொல்லக் கூடாது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. இதய நோயாளி ஒருவர், "இரவெல்லாம் கூப்பிட்டேன், யாரும் வரவில்லை" என்று சொன்னால் அது புகார். மனநல வார்டில் அதையே ஒருவர் சொன்னால், கேஸ் ஷீட்டில் "சந்தேக எண்ணங்கள் கூடியுள்ளன" என்று ஏறிவிடக்கூடும். கோபப்பட்டால் நோய் முற்றியிருக்கிறது என்பார்கள். அமைதியாக இருந்தால் குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். புகாரையே நோயின் அறிகுறியாகப் படிக்க முடிகிற இடத்தில், அந்த மருத்துவமனையோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அவர் அழைப்புக்காகக் காத்திருக்கவும் கூடாது. பூட்டிய அறையில் இருப்பவரால் அழைக்க முடியாது.

சுதந்திரமான கண்காணிப்பு என்கிறீர்கள். யாரிடமிருந்து சுதந்திரம்?

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடமிருந்து. அடுத்து, அந்த மருத்துவமனையை நடத்துகிற அல்லது அதற்குப் பணம் தருகிற அரசுத் துறையிடமிருந்து. இந்த இரண்டாவதைத்தான் பல நாடுகள் கோட்டை விட்டுவிடுகின்றன. மருத்துவமனையை நடத்தும் துறையே கண்காணிப்புக் குழுவுக்கு ஆள் போட்டு, அலுவலகம் கொடுத்து, படியும் கொடுத்தால், அந்தக் குழு துறையைப் பார்த்து எப்படிக் குரல் உயர்த்தும்?

தென்னாப்பிரிக்காவில் இதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தார்கள். 2015 இறுதியில் கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, லைஃப் எசிடிமெனி என்ற நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அங்கே நீண்ட காலமாக இருந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவிர மனநலப் பாதிப்புள்ளவர்களை அவசர அவசரமாக வெளியேற்றித் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பியது. பல இடங்களில் போதிய உணவில்லை, மருந்தில்லை, குளிருக்குப் போர்வையில்லை. தங்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியாமல் குடும்பங்கள் அலைந்தன. 144 பேர் இறந்தார்கள்.

அந்த மாகாணத்தில் மனநல மறுஆய்வு வாரியம் என்று ஒன்று சட்டப்படி இருக்கத்தான் செய்தது. 2017 பிப்ரவரியில் நாட்டின் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் மலேகபுரு மக்கோபா வெளியிட்ட அறிக்கை, அந்த வாரியத்துக்குச் செயல்திறனும் இல்லை, அதிகாரமும் இல்லை, சுதந்திரமும் இல்லை என்று கண்டது. நோயாளிகளை ஏற்றுக்கொண்ட 27 தொண்டு நிறுவனங்களின் உரிமங்களும் செல்லாதவை என்றும் அதே அறிக்கை சொன்னது. வாரியம் என்ற பெயர்ப்பலகை யாரையும் காப்பாற்றவில்லை.

சுதந்திரம் இருக்கிறதா என்று சோதிக்கச் சில கேள்விகள் போதும். உறுப்பினரை யார் நியமிக்கிறார், யார் நீக்க முடியும்? குழுவின் பணம் எந்தத் துறையின் கணக்கிலிருந்து வருகிறது? அறிக்கையை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும்? கடைசிக் கேள்விக்கு "துறைச் செயலாளர்" என்று பதில் வந்தால், மற்ற பதில்களைக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கண்காணிப்பு அமைப்புகளில் என்னென்ன வகை உண்டு?

ஒருவரை உள்ளே வைத்திருப்பது சரியா என்று அவருடைய வழக்கை மட்டும் எடுத்துத் தீர்மானிப்பது மறுஆய்வு மன்றம். மருத்துவமனை முழுவதையும் சுற்றிப் பார்த்து அறிக்கை தருவது ஆய்வாளர் குழு. புகாரை வாங்கி விசாரிப்பது குறைதீர்ப்பாளர் அல்லது மனித உரிமை ஆணையம். நோயாளியின் பக்கத்தில் நின்று அவருக்காகப் பேசுபவர் உரிமை ஆலோசகர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கடைசி வகைக்கு, மனநல நிலையங்களுக்குள் நுழையவும் ஆவணங்களைப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது. நியூசிலாந்தில் வழக்கறிஞர்களே மாவட்ட ஆய்வாளர்களாக நியமிக்கப்படுகிறார்கள்.

இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மன்றத்தின் முன் ஒருவருடைய காகிதங்கள் வரும். அவர் படுத்திருக்கும் வார்டின் நாற்றம் வராது. ஆய்வாளருக்கு நாற்றம் தெரியும், ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்குப் பெரும்பாலும் கிடையாது.

என் விருப்பமில்லாமல் என்னைச் சேர்த்துவிட்டார்கள். இது சரியா என்று யார் பார்ப்பார்கள், எப்போது?

இதில் நாள்கணக்குதான் உயிர்நாடி. மறுஆய்வு ஆறு மாதம் கழித்து வந்தால், அதற்குள் வேலை போயிருக்கும், வாடகை வீடு போயிருக்கும்.

இத்தாலியில் 1978இல் வந்த 180ஆம் எண் சட்டப்படி, கட்டாயச் சிகிச்சைக்கு மருத்துவர்களின் பரிந்துரையின் பேரில் மேயர் உத்தரவிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அதை நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அடுத்த 48 மணி நேரத்துக்குள் அதை உறுதிசெய்யவோ ரத்து செய்யவோ வேண்டும். அயர்லாந்தின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் 21 நாட்களுக்குள் மன்றம் கூடி அவருடைய வழக்கைப் பார்த்தாக வேண்டும் என்று வகுத்தது.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்ப்பது அதன் 89ஆவது பிரிவில் வருகிறது. நியமனப் பிரதிநிதி, அதாவது உங்கள் சார்பில் முடிவெடுக்க நீங்கள் குறித்துவைத்தவர் அல்லது சட்டம் காட்டும் வரிசைப்படி அமைந்தவர், விண்ணப்பித்திருக்க வேண்டும். இருவர் தனித்தனியாக உங்களைப் பரிசோதித்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாட்கள். சேர்த்த 7 நாட்களுக்குள், பெண்ணாகவோ 18 வயது நிரம்பாதவராகவோ இருந்தால் 3 நாட்களுக்குள், மனநல மறுசீராய்வு மன்றத்துக்கு மருத்துவமனை தகவல் அனுப்ப வேண்டும். நீங்கள் எதிர்த்து விண்ணப்பித்தால், மன்றம் 7 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். 30 நாட்களைத் தாண்டி வைத்திருக்க வேண்டுமானால் 90ஆவது பிரிவு; அதற்கு மன்றத்தின் அனுமதி வேண்டும், மன்றமும் 21 நாட்களுக்குள் அனுமதிக்கவோ விடுவிக்கவோ வேண்டும்.

எது நல்ல முறை என்று கேட்டால், கேட்காமலே மறுஆய்வு நடக்கும் முறைதான் என்பேன். மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் படிவம் கேட்டு வாங்கி நிரப்பி அனுப்புவார் என்று எதிர்பார்த்து எழுதிய சட்டம், மிகவும் துவண்டுபோனவரைத்தான் முதலில் கைவிடுகிறது.

நீங்கள் இப்போது உள்ளே இருந்து இதைப் படித்தால்: எந்தத் தேதியில், எந்தப் பிரிவின் கீழ் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். மன்றத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று கேளுங்கள். விண்ணப்பிக்கத் தாள் கேளுங்கள். கேட்ட நாளையும், யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதைக் காட்டிலும் ஒரு வரி எழுதிக் கொடுத்தது நிற்கும். இந்தியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு உங்களுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகத் தருகிறது.

மன்றத்தில் என்ன நடக்கும்? நான் என்ன பேச வேண்டும்?

பெரிய நீதிமன்றக் கூடத்தைக் கற்பனை செய்து பயப்பட வேண்டாம். பல நாடுகளில் இது மருத்துவமனையிலேயே ஓர் அறையில், ஒரு மேசையைச் சுற்றி நடக்கிறது. இந்தியாவில் மன்றத்தின் தலைமையில் மாவட்ட நீதிபதியோ அந்தத் தகுதி உடையவரோ இருப்பார். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், மற்றொரு மருத்துவர், இவர்களோடு மனநலப் பாதிப்புள்ளவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுக்காகச் செயல்படும் அமைப்புகளின் தரப்பில் இருவர். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்காது. முடிவு பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம்.

மன்றத்தின் முன் நிற்கும் கேள்வி, "இவரை இங்கே வைத்தே ஆக வேண்டுமா, வேறு வழியே இல்லையா" என்பது. ஆகவே உங்களுக்கு நோயே இல்லை என்று நிரூபிக்கும் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வெளியே போனால் எங்கே தங்குவீர்கள், யார் துணை இருப்பார், மருந்து பற்றி என்ன முடிவு வைத்திருக்கிறீர்கள், மறுபடி நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். மருத்துவரின் அறிக்கையை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் தவறான தகவல் இருந்தால், கோபத்தைக் கொட்டாமல், இந்தத் தேதியில் நடந்தது இது என்று சொல்லுங்கள். கோபம் வந்தால் அதுவும் தவறில்லை. அடைக்கப்பட்டவருக்குக் கோபம் வருவது இயல்பு என்று புரிந்துகொள்ள வேண்டியது எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கடமை.

ஒரு மன்றத்துக்கு விடுவிக்கும் அதிகாரம் உண்டா, அல்லது ஆலோசனை சொல்லும் அதிகாரம்தானா என்பதைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் குற்ற வழக்கு வழியாக வந்த சில நோயாளிகள் விஷயத்தில் மன்றம் முன்பெல்லாம் உள்துறை அமைச்சருக்கு ஆலோசனை மட்டுமே சொல்ல முடிந்தது. அது போதாது என்று 1981இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் விடுவிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு வந்தது.

ஆய்வுக் குழு வார்டுக்கு வந்தால் எதைப் பார்க்கும்?

நல்ல குழுவாக இருந்தால், சுவருக்கு அடித்த புது வெள்ளையைப் பார்க்காது.

முதலில் பதிவேட்டைக் கேட்கும். ஒருவரைக் கட்டிவைத்த இரவில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்ததாக எழுதியிருப்பார்கள். நேரம் வரிசையாக 10.00, 10.15, 10.30 என்று விடியும்வரை ஓடும். ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. எந்த இடத்திலும் பேனா தடுமாறவில்லை. முப்பது நாற்பது பேர் இருக்கும் வார்டில், இரவுப் பணியில் இருக்கும் ஒரு நர்ஸ் இத்தனை துல்லியமாக நடமாடவே முடியாது. காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய பக்கம் அது. அதற்காக நர்ஸைத் திட்டுவதில் பயனில்லை. அந்த இரவில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

அடுத்து புகார்ப் பெட்டி. அது எங்கே மாட்டியிருக்கிறது? நர்ஸ் மேசைக்கு நேர் எதிரே இருந்தால் யாரும் போட மாட்டார்கள். சாவி யாரிடம்? வார்டுப் பொறுப்பாளரின் சாவிக்கொத்தில் அதுவும் தொங்கினால், பெட்டி இருந்தும் இல்லை. உதவி எண் எழுதிய பலகை சுவரில் இருக்கும். பேசுவதற்கான தொலைபேசி பூட்டிய அலுவலகத்துக்குள் இருக்கும். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? உடுத்தியிருப்பது சொந்த உடையா? எல்லோர் தலையும் ஒரே மாதிரி மழிக்கப்பட்டிருக்கிறதா? இந்தியச் சட்டம் கட்டாய மொட்டையையும் கட்டாயச் சீருடையையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. இவற்றைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு மனிதரை மனிதராக நடத்துகிறார்களா என்பது இங்கேதான் தெரியும்.

பிறகு பேச வேண்டும். நிர்வாகம் அழைத்துவரும், நன்றாகப் பேசும் நோயாளியோடு முடித்துக்கொள்ளக் கூடாது. "அவர் பேசமாட்டார், விடுங்கள்" என்று யாரைக் காட்டிச் சொல்கிறார்களோ, அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பேசாவிட்டால் பரவாயில்லை, அவருடைய மணிக்கட்டையும் கணுக்காலையும் பார்க்கலாம். ஊழியர் காதில் விழாத இடத்தில் பேசும் உரிமை குழுவுக்கு இருக்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 2002ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் கூடுதலாக ஏற்கும் துணை ஒப்பந்தம், இதை எழுத்திலேயே தருகிறது. சாட்சியில்லாமல் தனியே பேசலாம். பேசியவரைப் பழிவாங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கேள்வி: இங்கே மிக நீண்ட காலமாக இருப்பவர் யார், ஏன்? பல சமயம் அவருக்கு நோய் தணிந்து வருடங்கள் ஆகியிருக்கும். கூட்டிப்போக ஆளில்லை, அவ்வளவுதான். குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ ஒருவரை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று இந்தியச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்க ஒருவர் வர வேண்டும்.

கட்டிப்போடுவது, தனியறையில் பூட்டுவது, மின்னதிர்ச்சி: இவையெல்லாம் அனுமதியா?

சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும். இந்தியச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் அனுமதிப்பதில்லை. தனிமைச் சிறை போன்ற அடைப்பும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் மன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஆட்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பது கட்டிப்போடக் காரணம் ஆகாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்கத் தடை. சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்யவும் தடை.

மருத்துவமனையே இல்லாத இடங்கள்? தனியார் விடுதி, வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய காப்பகம்?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநல மருத்துவமனைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது இருந்தது. அந்தக் கொட்டகைகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தன. போய்ப் பார்க்க வேண்டிய கடமை தன்னுடையது என்று யாரும் நினைக்கவில்லை. தீ அணைந்த பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டும் தூரத்தில் சிகிச்சை இல்லாதபோது நம்பிக்கை ஒன்றுதான் கையில் இருந்தது. குறை, பார்க்க வேண்டியவர்கள் பாராமல் இருந்ததில்.

எனவே கண்காணிப்பின் எல்லை பெயர்ப்பலகையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன விருப்ப நெறிமுறை இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது: அரசின் உத்தரவால் மட்டுமல்ல, அரசு கண்டும் காணாமல் விட்டதால் ஒருவருடைய சுதந்திரம் பறிபோகிற இடத்துக்குள்ளும் பார்வையாளர்கள் நுழையலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 16ஆவது பிரிவும், அவர்களுக்கான எல்லா நிலையங்களையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது.

நாங்கள் குடும்பத்தார். எங்களை எதிரியாகப் பார்க்கிறீர்களா?

இல்லை. இரவு முழுவதும் விழித்திருந்து, அடி வாங்கி, கடன் வாங்கி, கடைசியில் வேறு வழியின்றி அழைத்துவந்தவர்கள் நீங்கள். இதை அறியாதவர் இந்த வேலைக்கு வரக் கூடாது. நீங்கள் வெளியேறிய பிறகு உங்கள் மகனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கவும்தான் கண்காணிப்பு இருக்கிறது.

ஆனால் குடும்பத்தின் சொல் மட்டுமே போதும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு உண்டு. 1860இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் எலிசபெத் பேக்கார்டு என்ற பெண்ணை, மதக் கருத்தில் தன்னோடு முரண்பட்டார் என்பதால், போதகரான அவருடைய கணவர் மனநோய் விடுதியில் சேர்த்தார். மனைவியை அடைக்கக் கணவனின் சொல்லே அன்றைய சட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது, விசாரணை தேவைப்படவில்லை. மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். வெளியே வந்த பின், 1864இல் நடுவர் குழு முன் விசாரணை நடந்தது. சில நிமிடங்களிலேயே அவர் நல்ல மனநிலையில் இருப்பதாக முடிவு சொன்னார்கள். அதன் பிறகு அவர் சட்டங்களை மாற்ற ஊர் ஊராகப் போனார். சொத்துத் தகராறு, பிடிக்காத காதல், விவாகரத்து வழக்கு என்று காரணங்கள் இன்றும் வருகின்றன. உங்கள் குடும்பம் அப்படி இல்லை என்றால், கண்காணிப்பால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

நான் இங்கே நர்ஸ். இவர்கள் வந்தாலே எங்களைக் குற்றவாளிபோல் பார்க்கிறார்களே?

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆள் பற்றாக்குறையை ஆண்டுக்கணக்கில் நீங்கள் எழுதியும் அசையாத மேலிடம், வெளிக் குழு ஒன்று எழுதினால் அசைவதுண்டு. அந்த வகையில் அவர்கள் உங்களுக்கும் வேண்டியவர்கள்.

தவறைப் பார்த்துச் சொல்ல நினைக்கும் ஊழியருக்கும் ஒரு வாசல் வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களை ஊழியர்கள் அடித்தும் இழுத்தும் வதைத்தார்கள். அங்கே இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் நிர்வாகத்திடம் சொன்னார். கண்காணிப்பு அமைப்பிடமும் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் பிபிசி ரகசியக் கேமராவோடு ஆள் அனுப்பி, 2011 மே மாதம் ஒளிபரப்பிய பிறகே மருத்துவமனை மூடப்பட்டது. 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

அப்படியானால் கண்காணிப்பு இருந்தும் பயனில்லை என்றுதானே ஆகிறது?

இருந்தும் தோற்ற இடங்களைப் பாருங்கள். தோற்ற விதம் ஒரே மாதிரி இருக்கும். தேதி சொல்லிவிட்டு வருவார்கள். அன்று மட்டும் போர்வை வெள்ளையாக இருக்கும். காகிதத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். பகலில் வருவார்கள், இரவில் வர மாட்டார்கள். அறிக்கை எழுதுவார்கள், அது வெளியே வராது. வந்தாலும், போன முறை சொன்னது நிறைவேறியதா என்று திரும்பி வந்து பார்க்க மாட்டார்கள். இவை ஒவ்வொன்றும் சரிசெய்யக் கூடியவை. அயர்லாந்தின் சட்டம் மனநல ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கும் போக வேண்டும் என்றது. அறிக்கைகள் பொதுவில் வெளியாகின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நான் முதலில் கேட்பது இந்த ஒன்றைத்தான்: அறிக்கை வெளியே வரட்டும்.

எங்கள் பகுதியில் மன்றமே அமைக்கவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

நீதிமன்றம் இருக்கிறது. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை நேரில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு மனநல மருத்துவமனைக்கும் பொருந்தும். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். இந்தியாவில் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மனநல மருத்துவமனைகளை மேற்பார்க்கும் பொறுப்பை 1997இல் உச்ச நீதிமன்றமே தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கொடுத்தது. மன்றம் அமைக்கப்படாததையே ஒரு புகாராக எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

என் கேஸ் ஷீட்டை யார் யாரோ படிப்பார்களா?

ஆய்வாளருக்கு ஆவணம் பார்க்கும் அதிகாரம் உண்டு. அதை வெளியே பேசும் உரிமை இல்லை. வெளியாகும் அறிக்கையில் பெயரோ, அடையாளம் தெரியும்படியான விவரமோ இருக்கக் கூடாது. நீங்களே உங்கள் கேஸ் ஷீட்டைக் கேட்டுப் படிக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கட்டாயச் சிகிச்சையே கூடாது என்று ஐ.நா. குழு சொல்கிறதாமே? பிறகு மறுஆய்வு எதற்கு?

மேலே சொன்ன, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் நிபுணர் குழு, மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டி ஒருவரை அடைப்பது 14ஆவது பிரிவுக்கு முரண் என்று கருதுகிறது. 1991இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பழைய கோட்பாடுகளோ, கட்டாயச் சேர்க்கையை அனுமதித்து அதற்கு மறுஆய்வு அமைப்பை நிபந்தனையாக வைத்தன. பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் இன்றும் இந்தப் பழைய பாதையில்தான் போகின்றன.

குழு கேட்பது சரியான திசை என்று நம்புகிறேன். கட்டாயம் குறைய வேண்டும். அதற்கு வெளியே துணையும் வீடும் சிகிச்சையும் பெருக வேண்டும். ஆனால் இன்றிரவு பூட்டிய வார்டில் படுத்திருப்பவருக்கு, சட்டம் மாறும்வரை காத்திரு என்று சொல்ல என்னால் முடியாது. அவருக்கு நாளைக் காலை ஒருவர் வந்தாக வேண்டும்.

மனநலப் பாதிப்பை அனுபவித்தவரே கண்காணிப்பாளராக முடியுமா?

முடியும், வேண்டும். வாசலில் நின்று பார்க்கும்போதே எந்த வார்டில் பயம் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஊழியர் அறைக்குள் வந்ததும் பேச்சு நின்றுபோவதை மற்றவர்கள் மரியாதை என்று நினைப்பார்கள். உள்ளே இருந்தவருக்கு அது என்ன என்று தெரியும். ஆனால் பெயருக்கு ஒருவரை உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அவமதிப்பு. மற்ற உறுப்பினருக்குத் தரும் அதே படியும், அதே வாக்கும், அதே கோப்பும் அவருக்கும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் உள்ளே இருக்கிறார். வெளியிலிருந்து நான் என்ன செய்யலாம்?

போய்ப் பாருங்கள். பார்க்க ஆள் வரும் நோயாளியை ஊழியர்கள் ஒருவிதமாகவும், யாரும் வராதவரை இன்னொரு விதமாகவும் நடத்துவது பல இடங்களில் நடக்கிறது. எப்போதும் ஒரே நேரத்துக்குப் போகாதீர்கள். சேர்த்த தேதியையும் சட்டப் பிரிவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய நியமனப் பிரதிநிதி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பவரிடம் தனியாகப் பேச அனுமதி மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுப்பதானால் முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். உங்கள் கோபத்தின் விளைவை இரவில் அனுபவிக்கப் போகிறவர் அவர்தான். சம்மதித்தால், மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஒரு பிரதி, மன்றத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மறுபடி போங்கள்.